டெபியனுக்குள் ஒரு தனிக்குடித்தனம்

பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன்களை டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளைக் கொண்டு எழுத்தாக்கிப் பிழை திருத்துவது என் மாலை நேர வேலை. சென்ற ஆண்டு மடிக்கணினியில் டெபியன் லினக்ஸைப் புதுப்பித்தேன். மறுநாள் அதே பக்கத்தை ஓட்டிப் பார்த்தால் பிழைகள் வேறு மாதிரி விழுந்தன. முன்பு எந்தப் பதிப்பு டெசராக்ட் இருந்தது என்று குறித்து வைத்திருக்கவில்லை. பாதிப் புத்தகம் ஒரு பதிப்பில், மீதி இன்னொன்றில். அந்தச் சங்கடத்தில்தான் கீக்ஸைத் தேடிப் போனேன். எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில், டெபியனை அப்படியே விட்டுவிட்டு, மூன்று மாதமாக இதைப் பயன்படுத்தி வருகிறேன்.

Guix என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'குயிக்ஸ்' என்று படிக்கத் தோன்றும். 'கீக்ஸ்' என்பதே சரி. குனு திட்டத்தின் பேக்கேஜ் மேனேஜர் இது. லுடோவிக் கூர்த்தெஸ் 2012இல் அறிவித்தார். மூல யோசனை நெதர்லாந்தைச் சேர்ந்த எல்கோ டோல்ஸ்ட்ராவுடையது: 2003இல் அவர் தொடங்கிய நிக்ஸ், 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு. நிக்ஸுக்குச் சொந்த மொழி உண்டு. கீக்ஸ் ஸ்கீம் மொழியையே எடுத்துக்கொண்டது.

பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' படித்திருப்போம். ஓர் உள்ளீட்டுக்கு ஒரே விடை, அதுதான் சார்பு. கீக்ஸ் மென்பொருளை அந்தக் கண்ணால் பார்க்கிறது. மூல நிரல், கம்பைலர், லைப்ரரிகள், கட்டும் முறை எல்லாம் உள்ளீடு; கட்டி முடித்த ஃபோல்டர் விடை. அத்தனை உள்ளீடுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட 32 எழுத்துக் குறி ஒன்று ஃபோல்டர் பெயரின் முன்னால் நிற்கும். உள்ளே ஏதேனும் ஒன்று மாறினாலும் குறி மாறும், ஃபோல்டரும் வேறாகிவிடும். அதனால் ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எல்லாம் குனு ஸ்டோர் என்ற ஒரே இடத்தில். டெபியனின் பொருட்களை இது தொடுவதில்லை, கடன் வாங்குவதுமில்லை.

கடன் வாங்காத இந்தக் குணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நான் பட்ட சிக்கல்களில் பாதிக்கு மேல் அதிலிருந்தே வந்தவை.

நிறுவிய அன்றே டெர்மினலில் 'லோக்கேல் அமைக்க முடியவில்லை' என்ற எச்சரிக்கை வரிசையாக வந்தது. தமிழில் பெயரிட்ட கோப்புகள் பின்சாய்வுக் கோடும் எண்களுமாகத் தெரிந்தன. டெபியனில் தமிழ் லோக்கேல், அதாவது மொழி அமைப்பு, இருக்கிறதே என்று அங்கேயே தோண்டிக்கொண்டிருந்தேன். கீக்ஸ் நிரல்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியைத் தம்மோடு கொண்டு வருபவை. டெபியன் வைத்திருக்கும் லோக்கேல் கோப்புகளை அவை எதிர்பார்ப்பதில்லை. ஜிலிப்சி-லோக்கேல்ஸ் பேக்கேஜை கீக்ஸ் வழியாகவே நிறுவி, கீக்ஸ்-லாக்பாத் என்ற சூழல் மாறியை அதன் பக்கம் திருப்பியதும் தமிழ் தமிழாகத் தெரிந்தது. எல்லா மொழிகளையும் சுமக்கும் அந்தப் பேக்கேஜ் 900 எம்பியைத் தாண்டும். சிறிய பேக்கேஜ் ஒன்றும் உண்டு. அதில் சில மொழிகள் மட்டுமே இருப்பதால் தமிழுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

அடுத்தது எழுத்துரு. கீக்ஸ் வழியாக வந்த இங்க்ஸ்கேப்பில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. டெபியனின் பொது எழுத்துரு ஃபோல்டருக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. நோட்டோ எழுத்துருக்களை கீக்ஸிலேயே நிறுவி, எழுத்துருத் தேக்ககத்தை எஃப்சி-கேஷ் கட்டளையால் புதுப்பித்தால் போதும். சான்றிதழ்களும் இதே கதை: கிட் எச்டிடிபிஎஸ் முகவரியை நம்ப மறுத்தால் என்எஸ்எஸ்-செர்ட்ஸை நிறுவி, சான்றிதழ் இருக்கும் பாதையைச் சொல்லிவிட வேண்டும். தனிக்குடித்தனம் போனவர்களுக்கு அம்மிக்கல் முதல் அரிவாள்மனை வரை தனியாக வேண்டும் அல்லவா? எது வேலை செய்யாவிட்டாலும் 'இது டெபியனிடம் இருக்கிறது, கீக்ஸிடம் இருக்கிறதா?' என்பதுதான் இப்போது என் முதல் கேள்வி.

வேறு வகைச் சிக்கல்களும் உண்டு. கீக்ஸ் புல் கட்டளை பேக்கேஜ் பட்டியலோடு கீக்ஸையும் சேர்த்தே புதுப்பிக்கும். என் கணினியில் முதல் முறை அரைமணி நேரத்துக்கு மேல் பிடித்தது. டெபியனின் பேக்கேஜ் மேனேஜரான ஏப்டின் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு இது நிச்சயம் சோதனை. இந்த இடத்தில் கீக்ஸுக்கு நான் சலுகை தரமாட்டேன். முடிந்த பிறகும் பழைய பதிப்பே ஓடினால், பாஷ் ஷெல் பழைய இருப்பிடத்தை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். 'ஹாஷ் கீக்ஸ்' என்று ஒரு முறை கொடுத்தால் மறந்துவிடும். பின்னணியில் ஓடும் டீமனை ரூட் பயனராகத் தனியாகப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

ஒரு சிறு மென்பொருளைக் கேட்டதற்கு மின்விசிறி இரைந்து, கணினி கம்பைல் செய்யத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். கட்டித் தயாராக வைத்திருக்கும் பேக்கேஜ்களுக்கு 'சப்ஸ்டிட்யூட்' என்று பெயர். அவற்றைத் தரும் சர்வரின் சாவியை அங்கீகரிக்காமல் விட்டிருந்தால் எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே கட்டும். ரஸ்ட் போன்றவற்றில் ஒரு நாளே போய்விடும். டிரை-ரன் கொடுத்தால் எதைப் பதிவிறக்கும், எதைக் கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எனக்கு இது வழக்கமாகிவிட்டது.

இத்தனை பாடும் எதற்கு? இரண்டாம் மாதம் ஒரு மாலை அப்கிரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. பேட்டரியும் செத்தது. ஏப்டில் இப்படி நடந்து, பாதியில் நின்ற பேக்கேஜ்களோடு ஓர் இரவு முழுக்கப் போராடியிருக்கிறேன். இம்முறை மின்சாரம் வந்ததும் திறந்து பார்த்தேன். முந்தைய நிலை அப்படியே இருந்தது. புதியவை முழுதாகத் தயாரான பிறகுதான் கீக்ஸ் சுட்டியை மாற்றும். பின்னால் ஒரு பதிப்பு பிடிக்கவில்லை என்றாலும் ரோல்-பேக் கட்டளை ஒரே நொடியில் திருப்பிவிடுகிறது, ஏனென்றால் பழைய ஃபோல்டர் அழியவேயில்லை. அழியாததால் வட்டு நிறையும். இரண்டு மாதத்துக்கு முந்தைய தலைமுறைகளை (சேமித்த பழைய நிலைகளை) நீக்கி, குப்பை அள்ளும் 'ஜிசி' கட்டளையை ஓட்டுவதை மாத வேலையாக வைத்துக்கொண்டேன்.

எனக்கு உயிரான வசதி டைம்-மெஷின். கீக்ஸின் பழைய நிலை ஒன்றைக் குறிப்பிட்டால், அன்றைய பேக்கேஜ்களை அன்றைய லைப்ரரிகளோடு மீண்டும் நிறுத்தும். மூல நிரல் இணையத்தில் மறைந்திருந்தால் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்திலும் தேடிப் பார்க்கும். எல்லையும் உண்டு. மிகப் பழையதற்குத் தயார்ப் பேக்கேஜ்கள் சர்வரில் இருக்காமல் போகலாம். கட்டத் தொடங்கினால், காலாவதியான சான்றிதழால் ஏதோ ஒரு சோதனை தோற்று எல்லாம் நின்றுபோகலாம்.

உலாவி, அலுவலக மென்பொருள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முழு இயங்குதளமாகவே கீக்ஸைப் போட நினைப்பவர்கள் வைஃபை சிப்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை அது தராது. ஒரே முடிவு மறுபடி மறுபடி வர வேண்டிய வேலை செய்பவர்கள், குறிப்பாக ஆய்வு மாணவர்கள், டெபியன் மேலேயே ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது என் ஒவ்வொரு புத்தகத்தின் ஸ்கேன் ஃபோல்டரிலும் இரண்டு சிறு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் கீக்ஸ் எந்த நிலையில் இருந்தது என்ற குறிப்பு, மற்றொன்றில் பேக்கேஜ் பட்டியல். பாதியில் நின்ற அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஓட்டினேன். போன வாரம் 212ஆம் பக்கம் முடிந்தது.