வெண்கலத்தில் ஒரு ஜவுளிக்கடை

சோழர் காலத்துக் கதை எழுத உட்காருகிற பலர் உடை விஷயத்தில் சினிமாவை நம்பிவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் கட்டிங் வேலை. எந்தத் துணியைப் பார்த்தாலும் கண் முதலில் தையலைத்தான் தேடும்.

என் நாவலின் களம் திருமுல்லைவாயில். மாசிலாமணீஸ்வரர் கோயிலில் தூங்கானை மாட விமானத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உற்சவருக்குப் பட்டு சாத்தி, மாலையும் போட்டுவிட்டால், சிற்பி வார்த்த உடை உள்ளே மறைந்துபோகும். அதைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஆவடி ரயிலில் சென்ட்ரல், சாலையைக் கடந்தால் பார்க் ஸ்டேஷன், அடுத்தது எழும்பூர். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் நிற்கிறார், 11ஆம் நூற்றாண்டு. அடடா, என்னத்தைச் சொல்ல! வலப்பக்கம் சிவன், துணி தொடையோடு நின்றுவிடுகிறது. இடப்பக்கம் உமை, அதே இடுப்பிலிருந்து கணுக்கால் வரை காலோடு ஒட்டி வழிகிறது. ஆணுடையும் பெண்ணுடையும் ஒரே உடம்பில்! உடை ஆராய்ச்சிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தையல் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். ம்ஹூம். எல்லாம் சுற்றி, செருகி, இடுப்பில் இறுக்கிக் கட்டியதுதான். அதைப் பார்த்த பிறகு என் கதையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் நடையை மாற்றினேன். உமையின் பக்கம் போலக் கணுக்கால் வரை கட்டியவள் மதில் ஏறிக் குதிக்க முடியாது. முதலில் துணியைத் தூக்கிச் செருகியாக வேண்டும். சண்டைக் காட்சிக்கே அதில் ஒரு கணம் கூடுதல் பதற்றம் கிடைத்தது.

இன்னொன்று. சோழர் காலத்துப் பெருமாள் சிலைகளில் இருபுறமும் தேவியர் நிற்பார்கள். ஸ்ரீதேவிக்கு மார்க்கச்சு உண்டு, பூதேவிக்குக் கிடையாது. இரண்டு பேருமே தேவியர்! கச்சு இல்லாதவள் ஏழை என்று இனி எவனாவது எழுதட்டும், பார்க்கிறேன்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களில் வளர்ந்த குடும்பம் எங்களுடையது. 2022இல் வந்த படத்துக்கு ஏகா லக்கானியின் உடைகளும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் வெண்கலத்தின் துணிச்சல் வேறு.

சரி, அப்போது தையலே இல்லையா? 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்த நாட்டில் தையற்காரரே கிடையாது, ராஜாவும் ஒற்றைத் துணியும் உடம்பெல்லாம் ரத்தினமுமாக இருக்கிறார் என்று எழுதிவைத்தார். நானும் நம்பத்தான் இருந்தேன். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டு, நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்குப் பின்னால் கோயில் ஊழியர்களையும் வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் தையான் இருக்கிறான்! போதாதென்று ரத்தினத் தையான் என்று மணி பதித்துத் தைக்கிறவன் வேறு! மார்க்கோ போலோவுக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு முன்பே நம் தொழில்காரன் கல்லில் ஏறிவிட்டான். படித்த அன்று கட்டிங் மேசையில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

என் நாவலுக்கு இப்போது அந்த ரத்தினத் தையான்தான் நாயகன். இளவரசனுக்கு இரண்டு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன், அதுவும் அளவெடுக்க வருகிற ஆளாக.