இது யாருக்கான கதை?

ராத்திரி இரண்டு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வில்லன்களைத் துவம்சம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளை 'எப்பப் பார்த்தாலும் கேம்' என்று அலுத்துக்கொள்கிறோம். அவர்களில் சிலர் ஆடுவதோடு நிற்பதில்லை. மற்றவர்கள் ஆடுவதற்குக் கதையும் எழுதுகிறார்கள். இது நம்மில் பலருக்குத் தெரியாது. எழுதிய கதையை எந்த அலமாரியில் வைப்பது என்ற தகராறு அங்கேயும் உண்டு. பத்திரிகை ஆபீஸ்களில் நடக்கும் தகராறுக்கு அது கொஞ்சமும் சளைத்ததல்ல.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்று ஓர் ஆட்டம். 2004-ல் அமெரிக்காவில் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் இணையம் வழியாக உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு சூப்பர் ஹீரோ வேஷம் கட்டிக்கொண்டு, பாரகன் சிட்டி என்ற கற்பனை நகரத்தைக் காப்பாற்ற வேண்டும். 2009 ஏப்ரலில் அதில் 'மிஷன் ஆர்க்கிடெக்ட்' என்ற வசதி வந்தது. வில்லன் யார், எங்கே ஒளிந்திருக்கிறான், என்ன வசனம் பேசுவான், யாரை மீட்க வேண்டும் என்பதையெல்லாம் ஆடுகிறவரே தீர்மானிக்கலாம். அதிகபட்சம் ஐந்து கட்டங்கள். ப்ரோக்ராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முடித்ததும் 'பப்ளிஷ்' பண்ணிவிட்டால் ஊரே வந்து ஆடும்.

வருமா என்பதுதான் கேள்வி. கதைகள் மலையாகக் குவிந்துவிட்டன. எதை ஆடுவது?

கம்பெனி இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று, குறிச்சொற்கள். நகைச்சுவை, மர்மம், திகில், விஞ்ஞானக் கதை, தனியாக ஆட ஏற்றது, கூட்டமாக ஆட ஏற்றது, கடினமானது என்று ஒரு பட்டியல். இரண்டாவது, நட்சத்திரம். ஆடி முடித்தவர் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும்.

முதல் வழி உருப்படியானது. ஜெயித்தது இரண்டாவது வழி. சோம்பேறித்தனம்தான் காரணம். நட்சத்திரம் அதிகமானது மேலே வரும், மேலே இருப்பதை மட்டுமே பார்ப்போம். நாற்பதாவது பக்கம் வரை புரட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை?

நட்சத்திரம் என்பது மதிப்பெண். வகை அல்ல. என் விமர்சனம் இதுதான். வசனம் ஜாஸ்தி என்று ஒருத்தர் இரண்டு போடுகிறார். வில்லன் தன் ஹீரோவை அடித்துப் போட்டுவிட்டான் என்ற கோபத்தில் இன்னொருத்தர் இரண்டு போடுகிறார். எழுத்துப் பிழைக்காக மூன்றாமவர். மூன்று வேறு வேறு புகார்கள், வெளியே தெரிவது ஒரே எண். வசனம் பிடித்த வாசகர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார். அவருக்காகவே எழுதப்பட்ட கதை அது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சராசரி நான்கு வாங்கினால் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. இங்கே ஐந்து வாங்கியவர்களின் கூட்டத்துக்குப் பின்னால் புதையல்தான்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். அந்த ஆட்டத்தில் எதிரியை வீழ்த்தினால் அனுபவப் புள்ளி கிடைக்கும், புள்ளி சேரச் சேர லெவல் ஏறும். சில கில்லாடிகள், ஆபத்து குறைவாகவும் புள்ளி அதிகமாகவும் தருகிற எதிரிகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரே இடத்தில் மந்தை மாதிரி அடைத்தார்கள். கதையாவது கத்திரிக்காயாவது! உள்ளே போ, அறுவடை செய், வெளியே வா. இதற்கு 'ஃபார்ம்' என்று பெயர். ஆடினவர்கள் சந்தோஷமாக ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். போடாமல் என்ன, கேட்டது கிடைத்ததே!

அடுத்த மாதமே கம்பெனி கண்ணை உருட்டியது. இது துஷ்பிரயோகம், கதைகளை நீக்குவோம், சம்பாதித்ததைப் பறிப்போம் என்றது. புள்ளிகள் மலிந்துபோனால் ஆட்டமே கெட்டுவிடும், அதனால் கம்பெனியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புள்ளி எவ்வளவு தருவது என்பது வேறு விஷயம், எந்த அலமாரியில் வைப்பது என்பது வேறு விஷயம். புள்ளியைக் குறைத்துவிட்டு, 'அறுவடை' என்று வெளிப்படையாக ஒரு பலகை மாட்டியிருக்கலாம். வேண்டியவர் அங்கே போயிருப்பார், கதை அலமாரி சுத்தமாக இருந்திருக்கும். பெயர் கொடுக்காத வகை ஒழிந்துபோவதில்லை. பக்கத்து அலமாரியில் வேஷம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சிக்கலுக்கு மருந்து சென்னையிலேயே இருந்தது என்றால் நம்புவீர்களா? சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று 1931-ல் எழுதினார். அதில் இரண்டின் சாரம்: படிக்கிறவருக்கு அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், புத்தகத்துக்கும் அதற்கான ஆள் கிடைக்க வேண்டும். இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 1933-ல் கோலன் பகுப்பு முறையைக் கொண்டுவந்தார். ஒரு நூலை ஒரே பெட்டியில் திணிக்காமல், அதன் பல முகங்களையும் தனித்தனியாகக் குறிக்கிற முறை. மேலே சொன்ன குறிச்சொற்கள் அதற்குத் தூரத்து உறவு. நட்சத்திரம் எந்த உறவும் இல்லை.

கதையை வகைப்படுத்தினால் போதாது, ஆடுகிறவரையும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்துகளை மட்டுமே திரையில் காட்டிய பழைய 'மட்' ஆட்டத்தை 1978-ல் உருவாக்கிய இருவரில் ஒருவர் ரிச்சர்ட் பார்ட்டில். அவர் 1996-ல் ஆடுகிறவர்களை நான்காகப் பிரித்தார். சாதிக்க வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், அரட்டைக்கு வருகிறவர், அடுத்தவரை வம்புக்கு இழுக்க வருகிறவர். சாதிக்க வந்தவருக்கு ஃபார்ம் சொர்க்கம். சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது வெறும் கொட்டடி. இரண்டு பேர் மார்க்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற எண்ணால் யாருக்கு லாபம்?

ஆடினவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கதைக்கும் ஓர் எண் உண்டு. 'நீ மர்மக் கதை விரும்பி, இந்த நம்பரை ஆடிப் பாரேன்' என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டார்கள். கதையையும் தெரிந்து, ஆளையும் தெரிந்து செய்கிற சிபாரிசு. அதைவிட நல்ல பகுப்பு முறை எனக்குத் தெரிந்து இல்லை.

2012 நவம்பர் 30-ம் தேதி அந்த ஆட்டத்தை மூடிவிட்டார்கள். ரசிகர்கள் நடத்தும் 'ஹோம்கமிங்' சர்வருக்கு 2024 ஜனவரியில் முறைப்படி அனுமதி கிடைத்தது. 'நெவர்விண்டர்' என்ற இன்னோர் ஆட்டத்தில் இதேபோல் கதை கட்டுவதற்கு இருந்த 'ஃபவுண்டரி' 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. இப்படி மூடும்போது, தேடியும் கிடைக்காமல் உள்ளே கிடந்த கதைகளுக்கு இரண்டாவது வாய்ப்பு என்பது கிடையாது. எழுதினவர் ராத்திரி தூக்கத்தை விட்டு எழுதியிருப்பார். தனக்கான ஆளைச் சந்திக்காமலே போய்விட்டது அந்தக் கதை.

ஓட்டல் தோசையிலிருந்து சினிமா வரை நாமும் இப்போது எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போடுகிறோம். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு வரி எழுதுங்கள்: 'இது இன்னாருக்குப் பிடிக்கும்.' அந்த இன்னார் எங்கேயோ தேடிக்கொண்டிருக்கிறார்.