மைலேஜைத் தின்றது சைலன்சரா?

"பேக்பிரஷர் போயிருச்சுங்க, அதான் மைலேஜ் அடிவாங்குது." கம்பெனி சைலன்சரைக் கழற்றி ஃப்ரீ ஃப்ளோ போட்டவர்களுக்குப் பட்டறையில் கிடைக்கும் பதில் அநேகமாக இதுதான். கோவையில் இருக்கும் என் மைத்துனனுக்கும் இதுவே கிடைத்தது. அவனுடையது 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். மேனிஃபோல்டுக்குப் பதில் ஹெடர், அதிலிருந்து பின்பக்கம் வரை அகலமான குழாய், கூடவே புது அலாய் வீல். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஈரோடு போய்வந்தால் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தந்த வண்டி 14-க்கு இறங்கிவிட்டது. "ரீமேப் பண்ணினா சரியாயிடுமாம் மாமா" என்று, இன்ஜின் கணினியின் எரிபொருள் கணக்கை மாற்றி எழுதும் அந்த வேலைக்குப் பணத்தையும் எடுத்து வைத்துவிட்டான்.

இந்த விளக்கத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இடித்தது அளவுதான். 100 கிலோமீட்டருக்கு 5.9 லிட்டர் குடித்த வண்டி 7.1 லிட்டர் குடிக்கிறது என்றால் 21 சதவீதம் கூடுதல். சொல்லப்படும் காரணத்துக்கு அவ்வளவு பெட்ரோலை விழுங்கும் தெம்பு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பேக்பிரஷர் (எதிரழுத்தம்) வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எந்த இன்ஜினுக்கும் பேக்பிரஷர் தேவையில்லை. எரிந்த வாயுவை எதிர்ப்புக்கு எதிராகத் தள்ளுவது பிஸ்டனுக்குச் சுமையே. தேவைப்படுவது வாயுவின் வேகம். குழாய் சரியான அகலத்தில் இருந்தால், முன்னே ஓடும் வாயு பின்னால் வருவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அளவுக்கு மீறி அகலமானால் அந்த வேகம் செத்துவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையும். ஓட்டுபவர் பிக்கப் போதவில்லை என்று மூன்றாவது கியரிலேயே இழுப்பார், ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிப்பார். ஊருக்குள் மைலேஜ் கொஞ்சம் குறைய இது போதும். ஆனால் நெடுஞ்சாலையில், ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது த்ராட்டில் சிறிதளவே திறந்திருக்கும். வெளியேறும் வாயுவும் குறைவு. பழைய குழாயோ புதிய குழாயோ, அந்த நிலையில் இரண்டிலும் எதிரழுத்தம் அற்பமானது. ஈரோடு சாலையில் இறங்கிய மைலேஜுக்கு இந்த வாதம் பதில் சொல்லாது.

அளந்த விதம் சரியா என்பது அடுத்த கேள்வி. டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல், ஒரே பெட்ரோல் பங்கில் டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டிருந்தான், அது நல்லது. அவன் மறந்தது டயரை. பழையது 175/65 ஆர்14, புதியது 185/65 ஆர்15. விட்டம் 583 மில்லிமீட்டரிலிருந்து 622-க்கு ஏறியிருக்கிறது. சக்கரம் சுற்றுவதை வைத்தே மீட்டர் தூரத்தை எண்ணுகிறது. ஆகவே மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி ஓடியது ஏறக்குறைய 106.6. மீட்டரின் 14 உண்மையில் 14.9. கூடுதல் செலவு 21 சதவீதம் அல்ல, 14 சதவீதம்தான். (சில வருடங்களுக்கு முந்தைய மைலேஜோடு ஒப்பிடுபவர்கள் எத்தனால் கலப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு.)

மிச்சமுள்ள 14 சதவீதத்துக்கு ஸ்கேனரைச் செருகினோம். லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் +15 என்று காட்டியது. 5 வரை ஏறியிறங்கினால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் "காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்க, இன்ஜின் கணினியான ஈசியூ அதை நம்பி 15 சதவீதம் கூட்டி ஊற்றியிருக்கிறது.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ட்ரிம் ஏறினாலே குற்றம் உறுதியாகிவிடாது. காற்று உள்ளே போகும் பக்கத்தில் ஒரு ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே எண்தான் வரும். அப்போது காற்று நிஜமாகவே அதிகம். ஈசியூ சேர்ப்பது தேவையான பெட்ரோல், மைலேஜ் பெரிதாகக் குறையாது. சென்சார் ஏமாந்தால் மட்டுமே கலவை வீணாகக் கொழுக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்பார்க் பிளக். கழற்றிப் பார்த்தோம், நான்கின் முனையிலும் உலர்ந்த கரி. ஆக, பெட்ரோல் உண்மையிலேயே அதிகம். சென்சாருக்குப் பொய்த் தகவல் போகிறது.

மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, டார்ச்சோடு பானெட்டுக்குள் குனிந்தேன். மெல்லிய 'டிக் டிக்' சத்தம். இன்ஜின் சூடேறச் சூடேற, உலோகம் விரிந்து இடைவெளி குறுகியதால், சில நிமிடங்களில் சத்தம் அடங்கிவிட்டது, ஆனால் சந்து முழுதாக மூடவில்லை. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பின்குழாயில் ப்ளோயரால் காற்றடித்து, ஹெடர் இன்ஜினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். மூன்றாவது சிலிண்டருக்கு நேரே நுரை கொப்பளித்தது. அதே இடத்தில் விரலகலத்தில் ஒரு கரித்தடம். பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டு முறுக்கியிருந்தார்கள். புகை தொடர்ந்து ஓடுவதில்லை, துடிப்பு துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடத் தாழும்போது அந்தச் சந்து வெளிக்காற்றை உறிஞ்சும். சென்சார் பார்த்தது அந்தக் காற்றை.

ரீமேப்பை இதற்கு மருந்தாக என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சீரான ஓட்டத்தில் ஈசியூ சென்சாரைக் கேட்டே காற்று-பெட்ரோல் கலவையை 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டிப் பிடிக்கிறது. மேப்பை மாற்றினாலும் பொய் சொல்லும் சென்சார் பொய்யே சொல்லும். டர்போ இன்ஜினில், முழு மிதிப்பில், ரீமேப்புக்கு வேலை உண்டு. அது வேறு பேச்சு. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டும் வைத்தியமும் அப்படியே. கற்றுவைத்த ட்ரிம் அழிந்து இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் குடைந்து எறியச் சொல்பவர்கள் செய்வது தவறு. நல்ல நிலையில் உள்ள கன்வர்ட்டரை எடுப்பதால் மைலேஜ் கூடாது. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அப்படியே தெருவுக்கு வரும். புகை, ஒலி வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கசிவைக் கவனிக்காமல் ஓட்டினாலும் அதே கன்வர்ட்டர்தான் பலியாகும். மிஞ்சிய பெட்ரோல் அதற்குள் போய் எரிய, உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும்.

குழாயின் அகலத்துக்கு இந்த வழக்கில் பங்கு இல்லை என்றே சொல்வேன். டயர் ஒரு பங்கு, மற்றதெல்லாம் சென்சாருக்கு முன்னால் இருந்த அந்த ஒரு இணைப்பு. சில நூறு ரூபாய்க்குப் புதுக் கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளைச் சம அளவில் முறுக்கி, மறுபடி ஈரோடு போய்வந்தோம். மீட்டர்படி 16, டயரைத் திருத்தினால் 17. ட்ரிம் +2.

உங்கள் வண்டியும் இப்படிக் குடித்தால், ரீமேப்புக்குப் பணம் கட்டும் முன் ஸ்கேனரில் அந்த ட்ரிம் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.