துயரும் அடுப்பும்

இறந்தாரை நினைந்து இரங்கும் பாடலை அரபியில் 'மர்ஸியா' என்பர். தமிழில் 'கையறுநிலை' என்பர். சகோதரர் ஸக்ரை இழந்து கன்ஸா அம்மையார் பாடிய மர்ஸியாக்களே அவரை அரபுக் கவிஞர்களின் முன்வரிசையில் நிறுத்தின. இருமொழியிலும் இவ்வகைப் பாடல்களில் நாம் பெரிதும் காண்பவை கண்ணீரும், புலம்பலும், மறைந்தாரின் புகழுமே. 'கையறுநிலை' என்ற சொல்லே செயலற்று நிற்றலைக் குறிப்பது. ஆயினும் துயருற்றவரின் கைகள் என்றும் செயலற்றே இருப்பதில்லை. அவை மாவு பிசைகின்றன, பாத்திரம் துலக்குகின்றன, உலை வைக்கின்றன. அக்கைகளை இலக்கியம் எவ்வாறு கண்டது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 629) மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானார். அச்செய்தி வந்த நாளை அவர்தம் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) விவரித்ததை இப்னு ஹிஷாமின் ஸீரா நூல் தருகிறது. அவர் போரிலிருந்து தொடங்கவில்லை. நாற்பது தோல்களைப் பதனிட்டதையும், மாவு பிசைந்ததையும், பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவியதையும் முதலில் சொல்கிறார். பிறகே நபிகள் நாயகம் (ஸல்) வருகிறார்கள். பிள்ளைகளை வரவழைத்து முகர்கிறார்கள். அவர்தம் கண்கள் நீர் சொரிகின்றன. பிசைந்த மாவு அப்படியே கிடப்பதை எவரும் சொல்லாமலே நாம் காண்கிறோம். எத்தனை அடைமொழி அடுக்கினாலும் வாராத சோகம் அந்த வேலைக் கணக்கில் வந்துவிடுகிறது. ஜஅஃபரின் வீட்டாருக்கு உணவு சமைக்குமாறு நாயகம் (ஸல்) தம் இல்லத்தாரைப் பணித்ததும் அப்போதுதான்.

இதை மட்டும் படித்தோர், துக்க வீட்டார் அடுப்பருகே செல்லலாகாது என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. ஸஹீஹுல் புகாரியிலுள்ள தல்பீனா ஹதீஸ் அம்முடிவைத் திருத்துகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் குடும்பத்தில் ஒருவர் மௌத்தானால் பெண்கள் கூடுவர். பின் கலைந்து செல்வர். வீட்டாரும் நெருங்கியவரும் மட்டும் எஞ்சியதும் அன்னையார் ஒரு சட்டி தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். வாற்கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சும் கஞ்சி அது. பாலைப்போல் வெளுத்திருப்பதால் 'லபன்' என்னும் சொல்லடியாகப் பெயர் பெற்றது. ரொட்டியைப் பிட்டுத் தரீத் செய்து, அதன்மேல் இதனை ஊற்றி உண்ணச் சொல்வார்கள். நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துக் கவலையில் சிறிதைப் போக்கும் என நாயகம் (ஸல்) கூறக் கேட்டதாகவும் சொல்வார்கள்.

இப்னுல் கையிம் (மறைவு ஹி. 751) தம் 'ஸாதுல் மஆத்' நூலில் இதனை மருத்துவக் கண்கொண்டு விளக்கினார். இலக்கியக் கண்ணுக்கு வேறு இரண்டு புலப்படுகின்றன. ஒன்று, கவலை முழுதும் போகும் என்று சொல்லப்படவில்லை; 'சிறிது' என்றே சொல்லப்பட்டது. ஆறுதல் கூறவருவோர் மறக்கும் அளவு அது. மற்றொன்று, காலம். கூட்டம் உள்ளவரை துயருக்குத் துணை உண்டு. அது கலைந்தபின் வரும் வெறுமையிலேதான் அடுப்பு மூட்டப்படுகிறது. கட்டி தட்டாமல் துழாவவும், பொங்கி வழியாமல் பார்க்கவும் வேண்டிய கஞ்சி, அலையும் மனத்தைச் சிறுபொழுது தன்பால் இருத்திக்கொள்கிறது. இது ஹதீஸின் சொற்பொருளன்று. அக்காட்சியிலிருந்து நாம் பெறும் உணர்வு.

தமிழிலும் இதற்கு இணையான காட்சி உண்டு. புறநானூற்றின் 249-ஆம் பாடலில், பலரோடு பகிர்ந்துண்ட தலைவன் மறைந்துவிட்டான். அவனுக்குச் சோறு படைக்க, முறமளவு சிறிய இடத்தை அவன் மனைவி மெழுகுகிறாள். சாணத்தைக் கரைக்கும் நீர் அவள் கண்ணீரே. அச்சடங்கு நம்முடையதன்று. ஆயினும், நாள்தோறும் செய்த வேலையே துயரைத் தாங்கும் கலமாவதைப் புலவர் கண்டுகொண்டார். பெரிய வீட்டின் வெறுமையை அந்த முறமளவு இடம் காட்டிவிடுகிறது.

நம் சிறுகதைகளுக்கு இப்பார்வை போதிய அளவு வாய்க்கவில்லை என்பது நமது துணிபு. அவற்றில் கணவனை இழந்த பெண் பெரும்பாலும் மூலையில் முக்காடிட்டு அமர்ந்திருக்கிறாள். நான்கு மாதமும் பத்து நாளும் நீளும் இத்தாவில் அவள் கைகள் என்ன செய்தன என்று கதாசிரியர் கேட்பதில்லை. வாழ்விலும் இக்குறை உண்டு. நான்காம் நாள் அவள் எழுந்து உலை வைத்தால், "அதற்குள் மறந்துவிட்டாளோ?" என்பார் உளர். துக்க வீட்டிலேயே ஊருக்கெல்லாம் சோறாக்கச் செய்வாரும் உளர். மையித்து வீட்டில் கூடி உணவு தயாரிப்பதை ஒப்பாரியின் ஒரு பகுதியாகவே தாங்கள் கருதிவந்ததாக நபித்தோழர் ஜரீர் (ரலி) கூறியது இப்னு மாஜாவில் உள்ளது. தன் நெஞ்சு ஆறக் காய்ச்சும் ஒரு சட்டிக் கஞ்சி வேறு. பிறருக்காக ஏற்றப்படும் தேக்சா வேறு. முன்னது மருந்து, பின்னது சுமை.

முதலில் அண்டை வீட்டார் சமைத்துத் தரவேண்டும். பிறகு அவள் தன் அடுப்பைத் தானே மூட்ட விடவேண்டும். அஸ்மா (ரலி) அவர்களின் கூற்றையும் ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கத்தையும் சேர்த்துப் படிப்போர்க்கு இவ்வொழுங்கு விளங்கும். ஸப்ர் என்பது அசையாது அமர்ந்திருத்தல் மட்டுமன்று. கண்ணீரோடு மாவு சலிப்பதும் ஸப்ரே.