இலையைக் கண்ட கண்கள்

நம் திருவண்ணாமலையின் வம்சி பதிப்பகம் 2011-இல் வெளியிட்ட ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் இடம்பெற்ற கதை 'சோற்றுக்கணக்கு'. திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப், காசு போடும் பெட்டியைப் பார்ப்பதில்லை. ஏழை மாணவனின் இலையைப் பார்க்கிறார். இதுவே கதையின் உயிர். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற ஆண்டவரின் போதனைக்கு இங்கே ஓர் இசுலாமியரின் கை விளக்கவுரை எழுதுகிறது.

சாகிப் மானிட இயல்பையும் விஞ்சி நிற்பது ஒரு குறையே. வணங்கிவிட்டு விலகிச் செல்ல அது வாசகருக்கு வழிவிடுகிறது. ஆயினும், ஒருகாலத்தில் தனக்குக் கணக்குப் பார்த்துச் சோறிட்ட மாமியின் வறுமையை உணர்ந்து, அவர் மகளை மணக்க அவன் முடிவெடுக்கையில், இரக்கம் நமக்கு எட்டும் தொலைவிற்கு வந்துவிடுகிறது.

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கிறது. நம் பங்குத் திருவிழாவிலும் அன்பின் விருந்து உண்டு. வழங்கிய பொட்டலங்களை எண்ணிய நாம், வாங்கியவரின் முகத்தைக் கண்டோமா?