அச்செழுத்தை அறிபவர் யார்? விழிப்புலனற்றோர் வாசிப்புக் கருவிகள் பற்றிய ஒரு நோக்கு

வாசிப்பினை மனத்தின் தொழிற்பாடாக மட்டும் நோக்கும் போக்கு நமது விமர்சனத்தில் வேரூன்றியுள்ளது. அச்சிட்ட தாளிலிருந்து எழுத்து வாசகரைச் சென்றடையும் வழியும் ஒரு சாதனமே. அதற்கு உடைமையும் விலையும் உண்டு. பார்வையுடையோர் உணராத இவ்வுண்மையை விழிப்புலனற்றோருக்கான கருவிகளின் வரலாறு வெளிப்படுத்துகின்றது.

பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஃபூர்னியே டால்ப் 1913இல் உருவாக்கிய ஒப்ரோபோன், செலனியத்தின் ஒளியுணர் தன்மையைப் பயன்படுத்தி எழுத்தின் வடிவத்தை ஒலித்தொகுதியாக மாற்றியது. 1971இல் விற்பனைக்கு வந்த ஒப்ரகொன், ஸ்ரான்ஃபோட் பேராசிரியர் ஜோன் லின்வில் தம் பார்வையற்ற மகளுக்காகத் தொடங்கிய முயற்சியின் விளைவு. வாசகர் ஒரு கையாற் சிறு கமெராவை வரியின்மீது நகர்த்துவார். மறுகையின் சுட்டுவிரலின்கீழ் 144 நுண்ணூசிகள் அதிர்ந்து எழுத்தின் உருவைத் தீட்டும்.

இவ்விரு கருவிகளும் எழுத்தை அறிவனவல்ல. அவை வடிவத்தைக் கடத்தின. அறிதல் வாசகரின் உழைப்பாகவே இருந்தது. ஆதலின் ஒப்ரகொன் ஆங்கிலத்துக்குரியதாக மட்டும் அமையவில்லை; யப்பானிய எழுத்துகளையும் அதனால் விரலுக்குக் காட்ட முடிந்தது.

1976இல் வெளிவந்த கேர்ஸ்வைல் வாசிப்பு இயந்திரத்துடன் இவ்வுறவு மாறியது. எழுத்தை இயந்திரமே இனங்கண்டு, சொல்லாக்கி, உரத்துப் படித்தது. 2006இல் அத்தொழில்நுட்பம் கையடக்கக் கருவியாகவும் வந்தது. இம்மாற்றத்தை வீழ்ச்சியெனக் கொள்ளுதல் தவறு. ஒப்ரகொனைப் பழக நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. வாசிப்பு வேகமும் குறைவு. விரலின் நிதானத்தைப் போற்றி வேகத்தை இகழ்வது, பிறர் சுமையிற் கவித்துவம் காணும் மத்தியதர வர்க்க மனோபாவமேயாகும்.

எனினும் பழையது மறைந்து புதியது தோன்றுதல் இயல்பான வளர்ச்சியென அமைதி கொள்ளுதலும் பொருந்தாது. ஒப்ரகொனைப் பயன்படுத்துவோர் இருக்கவே, 1996இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எழுத்துருவின் வேறுபாடு, கணிதக் குறியீடு, கவிதையடியின் இடவமைப்பு ஆகியவற்றை விரல் நேரடியாக உணர்ந்திருந்தது. சொல்லை மட்டும் ஒலிக்கும் இயந்திரம் இவற்றுட் பலவற்றைக் கைவிட்டது. பயன்பெறுமானம் நிலைத்திருக்க, பரிமாற்றப் பெறுமானமே தீர்ப்பு வழங்கியது.

இதிலும் ஆழமான முரண்பாடொன்றுண்டு. இயந்திரத்தின் 'அறிதல்' பலரது உழைப்பு உறைந்து பண்டமான வடிவமே. ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் அதனைத் தனித்தனியே உருவாக்க வேண்டும்; இலாபம் வழிநடத்தும்போது சந்தை சிறுத்த மொழிகள் பின்வரிசையில் நிற்கும். வாசகரே அறிபவராயிருந்த காலத்தில் இத்தடை இருக்கவில்லை. தமிழெழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒப்ரகொனுக்கு வடிவங்களே. பார்வையற்ற வாசகர் தம் உழைப்பிலிருந்து விடுபட்ட அதே கணத்தில், தம் மொழி வாசிக்கப்படுமா என்பதைப் பிறர் தீர்மானிக்கும் நிலைக்கும் உள்ளாயினர்.

ஆகவே நமது கோரிக்கை பழைய கருவிக்குத் திரும்புதலன்று. எழுத்தை இனங்காணும் ஆற்றல் பொதுவுடைமையாதல் வேண்டும். ஒரு மொழியின் நூல்களைத் தொகுத்துப் பேணும் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் அம்மொழியின் எழுத்தறி நிரல்களை ஆக்குவதையும் தம் கடமையாக ஏற்றல் வேண்டும். யார் வாசிக்க முடியும் என்ற வினாவைத் தவிர்த்து, யாருக்காக எழுதுகிறோம் என்று விவாதித்தல் அரைகுறை விமர்சனமேயாகும்.