கணினிச் சொற்களுக்கு ஒரு திறவுகோல்

கலைச்சொல்லை அரபு மொழியில் ‘இஸ்திலாஹ்’ என்பர். ஒரு துறையினர் தமக்குள் ஒப்புக்கொண்ட வழக்கு என்பது அச்சொல்லின் உட்கிடை. அந்த உடன்பாட்டிற்கு வெளியே நிற்பவருக்குக் கலைச்சொல் பூட்டிய கதவாகும். மொழியை நன்கு கற்றவரும் அதன் முன் எழுத்தறியாதவரைப்போல் நிற்க நேரும். இக்குறையை உணர்ந்து ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டிலேயே ஒரு நூல் செய்தார் அபூ அப்துல்லாஹ் முஹம்மது அல்-குவாரிஸ்மீ. (‘அல்காரிதம்’ என்னும் சொல்லில் தம் பெயரை விட்டுச்சென்ற கணித மேதை முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ இவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவர். இருவரையும் ஒருவராகக் கொண்டு எழுதுவோர் இன்றும் உளர்.) ஸாமானித் அரசின் அமைச்சர் உத்பீக்கு உரிமையாக்கப்பட்ட இந்நூலின் பெயர் ‘மஃபாத்தீஹுல் உலூம்’, அதாவது அறிவுத் துறைகளின் திறவுகோல்கள்.

அதன் முன்னுரையில் ஆசிரியர் ‘ரஜ்ஆ’ என்னும் ஒரே சொல்லை எடுத்துக்கொள்கிறார். மொழியறிஞரிடத்தில் அது ஒருமுறை திரும்புதல். ஃபிக்ஹு அறிஞரிடத்தில், முற்றாகப் பிரிக்காத தலாக்கிற்குப்பின் மனைவியை மீட்டுக்கொள்ளல். கலாம் அறிஞரிடத்தில், இமாம் மீண்டும் வருவார் என ஷீஆக்களில் ஒரு சாரார் கொள்ளும் கருத்து. வானியலாரிடத்தில் கோளின் பின்னோக்கிய நகர்ச்சி. அலுவலக எழுத்தரிடத்தில் படையினரின் ஊதியம் பற்றிய ஒரு கணக்கு. சொல் ஒன்று, ஆயின் யாரிடத்தில் என்று கேட்டாலன்றிப் பொருள் விளங்காது.

நம் காலத்துக் கணினிச் சொல் விளக்க நூல்களை மதிப்பிட இதனினும் நல்ல அளவுகோல் வேண்டியதில்லை. ‘போர்ட்’ என்னும் சொல்லைப் பாருங்கள். கருவியைப் பழுது பார்ப்பவருக்கு அது கம்பியைச் செருகும் வாய். வலையமைப்பைப் பேணுபவருக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஓர் எண். இணையப் பக்கங்களுக்கு 80, மறையாக்கம் பெற்றவற்றுக்கு 443 என்று வழங்குவது. நிரல் எழுதுபவருக்கோ அது ஒரு வினை: ஓர் இயங்குதளத்திற்கென எழுதிய நிரலை மற்றொன்றில் இயங்குமாறு மாற்றியமைத்தல். தமிழில் ‘துறை’ என்று ஒற்றைச் சொல்லை நேரே வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகும் பட்டியலால் யாருக்கு என்ன பயன்? துறைமுகம், நீர்த்துறை, அரசுத்துறை, கல்வித்துறை எனத் தமிழிலேயே பல பொருள் சுமக்கும் சொல் அது. ஒரு பூட்டைக் கழற்றி இன்னொரு பூட்டை மாட்டியதாகவே முடியும்.

இக்குறையைத் தமிழில் நன்குணர்ந்தவர் மணவை முஸ்தபா. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றி, 2017இல் மறைந்த அப்பெருமகனார், மருத்துவம் முதல் கணினி வரை கலைச்சொல் களஞ்சியங்களைத் தனியொருவராக முனைந்து செய்தார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தந்ததோடு நில்லாமல், அப்பொருள் யாது, எவ்வாறு பயன்படுகிறது என்று விளக்கமும் எழுதியதே அவர்தம் கணினி அகராதியின் சிறப்பு. சொல்லை மறுப்பவரும் விளக்கத்தால் பயன்பெறுவர். ‘கணினி’யா, ‘கணிப்பொறி’யா, இலங்கையில் வழங்கும் ‘கணனி’யா என்று அறிஞர்கள் வழக்காடிய நாள்களில், விளக்கம் எழுதும் இந்த வேலைக்குப் போதிய மதிப்புத் தரப்படவில்லை என்பது நம் எண்ணம். குறையும் சொல்ல வேண்டும். ஆங்கில அகரவரிசையில் அமைந்த நூல், ஆங்கிலச் சொல்லை ஏற்கெனவே அறிந்தவருக்கே வழிவிடும். தமிழ்ப் பாடநூலில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டு திகைக்கும் மாணவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

ஆங்கிலத்தில் நிலைமை வேறு, குறைகளும் வேறு. 1975இல் ஸ்டான்ஃபோர்டில் ராஃபேல் ஃபிங்கல் தொடங்கிய ‘ஜார்கன் ஃபைல்’ தொழில்நுட்பர்கள் தமக்குள் வழங்கிய பேச்சு வழக்கைத் தொகுத்தது. 1983இல் கை ஸ்டீல் முதலியோரின் முயற்சியால் நூலாயிற்று. 1991இல் எரிக் ரேமண்ட் அதனை விரித்து எம்.ஐ.டி. பதிப்பகத்தின்வழி வெளியிட்டார். சொல்லின் பொருளோடு அதனை வழங்கும் கூட்டத்தின் மனப்போக்கு, நகைச்சுவை, எள்ளல் ஆகியவற்றையும் அது காட்டும். ‘ஹேக்கர்’ என்பான் நிரலாக்கத்தில் தோய்ந்து மகிழும் வல்லுநன், திருடன் அல்லன் என்று அது வாதாடுகிறது. நம் பட்டியல்களிலோ ‘ஊடுருவி’, ‘கொந்தர்’ என்று தீர்ப்பே சொல்லாக வந்து அமர்ந்துவிடுகிறது. விளக்கம் இல்லாத இடத்தில் இப்படித்தான் ஒரு கூட்டத்தின் மீது பழி ஏறும். ஆயினும் ஜார்கன் ஃபைலைக் கண்மூடி ஏற்பதற்கில்லை. பழைய இயந்திரங்களோடு வாழ்ந்தவர்களின் சொற்களை விலக்கி, யூனிக்ஸ் சார்ந்த தம் வட்டத்தின் வழக்கையும் தம் சொந்தக் கருத்துகளையும் ரேமண்ட் புகுத்தினார் என்ற குற்றச்சாட்டு பழைய தலைமுறையினரிடமிருந்து எழுந்தது. அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. தொகுப்பாளர் சாட்சியாக இருக்க வேண்டியவர். அவரே வழக்காடுபவராகிவிட்டால் படிப்பவர் எதை நம்புவது?

இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிய உரையாடலில் ‘டோக்கன்’ என்பது அடிக்கடி வந்து விழுகிறது. இருபதாண்டுகளுக்கு முன் அச்சான நூல்களில் அச்சொல்லின் இப்புதுப்பொருளைத் தேடுவது நியாயமன்று. ஆனால் இனி எழுதுவோர் அல்-குவாரிஸ்மீயின் முறையைப் பின்பற்றி இப்படி எழுதலாம்: நிரல்மொழியைப் பகுப்போரிடத்தில், நிரலின் மிகச்சிறிய பொருளுடைய கூறு. பழைய வளைய வலையமைப்பாரிடத்தில், தரவு அனுப்பும் முறை தமக்கு வந்ததைக் காட்டும் அடையாளம். பாதுகாப்புப் பணியினரிடத்தில், உள்நுழைந்தவர் இன்னார் என்பதற்குச் சான்று. மொழி மாதிரிகளை ஆக்குவோரிடத்தில், எழுத்துரையைப் பிரித்தெடுத்த துண்டு. அது முழுச்சொல்லாகவும் இருக்கலாம், சொல்லின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம். கால் பக்கத்தில் அடங்கும் இவ்விளக்கத்தை ‘டோக்கன்’ என்ற தலைப்பின்கீழும் வைக்கலாம். தமிழில் எச்சொல் நிலைக்கிறதோ அதன்கீழும் மறுபடி வைக்கலாம்.